கிளட்ச் இல்லை, கியர் இல்லை, ரப்பர்

சிக்னலில் நிற்கும்போது பின்னால் நிற்கிற லாரி என் கார் கண்ணாடியில் ஆடும். ஆடுவது லாரி இல்லை, என் வண்டிதான் என்று எனக்கு நன்றாகவே தெரியும், இருந்தாலும் ஒரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். 1986 அம்பாசிடர், மார்க் 4, பெட்ரோல், ஹேண்ட் கியர், அப்பா வாங்கியது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் சத்தம் வந்தாலும், எது ஆடினாலும், "பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்" என்று நாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவோம். என் வண்டியில் ரேடியோவும் இல்லை.

ஆட்டத்துக்கு அப்புறம் கியர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஃபர்ஸ்ட் விழும், செகண்ட் விழும், ஆனால் மேடு ஏறும்போது செகண்டுக்குத் தள்ளினால் ஸ்டியரிங் பக்கத்திலிருக்கும் அந்தக் கம்பி ஏதோ கல்லில் முட்டின மாதிரி பாதியில் நிற்கும். ரிவர்ஸ் போட்டு கிளட்சை விட்டால் அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம், யாரோ சுத்தியலால் ஒரே ஒரு தட்டு தட்டினது போல. நின்ற இடத்திலிருந்து கிளப்பினால் வண்டி மொத்தமும் உதறிக்கொண்டு போகும். இதற்கு நடுவில் சைலன்சர் பைப், என்ஜினில் புகைக்குழாய் தொடங்கும் மேனிஃபோல்டுக்குக் கீழே, கழுத்தில் விரிசல் விட்டது, வெல்டிங் வைத்தேன், மூன்று மாதத்தில் அதே இடத்தில் மறுபடி விட்டது. ஒரே இடத்தில் இரண்டு தடவை விரிசல் விட்டால் அந்த இடத்தை எதுவோ இழுக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

உதறுகிறது என்று சொன்னதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் பிளேட் என்றார்கள். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, சொன்னதை வைத்தே தீர்ப்பு. கியர்பாக்ஸை இறக்கி, பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் மாற்றி 6,500 ரூபாய் வாங்கினார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதை. (அந்த ஒரு வாரம் ஏன் நன்றாக இருந்தது என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது என்ஜினும் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், வேறொன்றுமில்லை.) அடுத்த இடத்தில் கியர் லிங்கேஜ் புஷ், அதாவது கியர் கம்பிகளின் மூட்டில் வருவது, மாற்றினார்கள். மூன்றாவது ஆள் கார்புரேட்டரில் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றிவிட்டார், ஆட்டம் சட்டென்று நின்றுபோனது, எனக்கு ஒரே சந்தோஷம். பெட்ரோல் பங்கில்தான் அந்தச் சந்தோஷத்துக்குக் கணக்குத் தெரிந்தது.

கடைசியில் திருச்சி தென்னூர் பக்கம் ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார் என்று என் 78 வயது அப்பாதான் சொன்னார், "ஏம்ப்பா, முதல்லயே என்னைக் கேட்டிருக்கலாம்ல" என்று ஒரு கொட்டும் சேர்த்து. பாய் ஸ்பேனர் எதையும் எடுக்கவில்லை. பானட்டைத் திறந்து இடது பக்க மட்கார்டு ஓரமாக நின்றுகொண்டார்.

"ஹேண்ட் பிரேக்கை இழுங்க தம்பி. கால் பிரேக்கையும் நல்லா மிதிச்சுக்கங்க. ஃபர்ஸ்ட் போட்டு கிளட்சை லேசா விடுங்க, வண்டி நகரக் கூடாது, என்ஜின் மூச்சு திணறணும், அவ்வளவுதான்."

விட்டேன். பானட் மறைத்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இப்ப ரிவர்ஸ்." போட்டேன், அதே டொக். அவர் என்னை இறங்கச் சொல்லி, தான் உள்ளே உட்கார்ந்து, அதையே செய்து காட்டினார். ஃபர்ஸ்டில் கிளட்ச் பிடிக்கப் பிடிக்க என்ஜினின் இடது பக்கம் ஒரு தூக்கு தூக்கியது, தூங்குகிற மாடு ஒருக்களித்து எழுந்திருக்கப் பார்க்கிற மாதிரி. இரண்டு விரல் உயரமாவது இருக்கும். கிளட்சை மிதித்ததும் தொப்பென்று விழுந்தது.

"கிளட்ச் மாத்தினது யாரு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "மவுண்டிங் போயிருச்சு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார். மவுண்டிங் என்றால் என்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர், இரும்புத் தகட்டோடு ஒட்டியது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம், ஐந்து நிமிட வேலை, ஆனால் பார்க்கிற ஆள் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது, பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். கால் வழுக்கினால் அம்பாசிடர் ஒரு டன்னுக்கு மேல், அது யாரையும் விசாரிக்காது. நல்ல மவுண்டிங் இருந்தால் என்ஜின் லேசாகச் சாய்ந்து திரும்பும், சாயாமலே இருக்காது. எகிறினால், எகிறி விழும்போது சத்தம் வந்தால், ரப்பர் விட்டுவிட்டது.

இடது பக்கம் ஏன் தூக்குகிறது என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். அந்தக் காலத்தில் முன்னால் ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்தவர்களுக்குத் தெரியும், கிராங்க், அதாவது என்ஜினுக்குள் சுற்றுகிற தண்டு, எந்தப் பக்கம் சுற்றுகிறதென்று. முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள் போல வலஞ்சுழியாகச் சுற்றும். அது சக்கரத்தைத் திருப்ப முயலும்போது என்ஜின் தானே எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும், அதாவது வண்டியின் இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. ரிவர்ஸில் இது தலைகீழ். அதனால் முன்னே போகிற ஒவ்வொரு தடவையும் வலது மவுண்டிங் நசுங்குகிறது, இடது மவுண்டிங் இழுபடுகிறது. ரப்பர் நசுங்குவதை நன்றாகவே தாங்கும், இழுப்பதைத் தாங்காது, அதுவும் இரும்புத் தகட்டோடு ஒட்டியிருக்கிற இடத்தில். இன்னொன்று, மவுண்டிங்கில் விழுவது என்ஜினின் முறுக்கு மட்டுமில்லை, கியர்பாக்ஸ் பெருக்கிக் கொடுப்பதும் சேர்ந்து விழுகிறது, ஏனென்றால் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக மாட்டிய ஒரே கட்டை. டாப் கியரில் ஒரு மடங்கு என்றால் ஃபர்ஸ்டில் ஏறக்குறைய நாலு மடங்கு. கிளப்பும்போது மட்டும் உதறி, டாப்பில் போகும்போது பட்டுப் போல ஓடியதற்குக் காரணம் இதுதான். கிளட்ச் பிளேட் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

போதாததற்கு, இந்த என்ஜினில் பெட்ரோலும் காற்றும் உள்ளே போகிற இன்லெட், புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட், இரண்டு மேனிஃபோல்டுமே இடது பக்கம்தான். 1489 சிசி, இங்கிலாந்தின் பிஎம்சி கம்பெனி பி சீரிஸ் என்ஜின். 1956-ல் அங்கே வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ்தானே நம் அம்பாசிடர், அதே உடம்பு, பிற்பாடு அதே என்ஜின் குடும்பம், மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை வண்டி வந்துகொண்டிருந்தது. மேனிஃபோல்டுக்குக் கீழே, பிளாக்கின் அதே பக்கத்தில், டேப்பெட் கவர்கள், அதாவது வால்வுகளைத் தள்ளுகிற டேப்பெட்டுகளை மூடும் தகடுகள், இருக்கின்றன, அவற்றின் கேஸ்கெட் ஆயில் கசியும், பி சீரிஸ் வைத்திருக்கும் எவருக்கும் இது புதுச் செய்தி இல்லை. ஆக இடது மவுண்டிங்குக்கு இழுப்பும் உண்டு, சூடும் உண்டு, ஆயிலும் உண்டு. சூட்டில் ரப்பர் இறுகி வெடிக்கும், ஆயில் பட்டால் ஊறி உப்பிக் கொழகொழவென்று ஆகும். என் வண்டியில் அந்தப் பக்கம் முழுக்க ஆயிலும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருந்தது, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிய பிறகுதான் மவுண்டிங் இருக்கிற இடமே கண்ணுக்குத் தெரிந்தது.

கியர் ஏன் மக்கர் பண்ணியது என்பதற்கும் பதில் அங்கேயே இருந்தது. ஹேண்ட் கியரில் லீவர் ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்து பாடியில் நிற்கிறது, கியர்பாக்ஸ் என்ஜினோடு சேர்ந்து ரப்பர் மேல் நிற்கிறது, நடுவில் கம்பிகள். என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்தால் கம்பியின் நீளக் கணக்கு மாறிவிடும், புதுப் புஷ் போட்டாலும் மாறும். மேடு ஏறும்போது, அதாவது என்ஜின் நன்றாக எகிறி, கிளட்சை மிதித்ததும் இடம் தவறி விழும்போது, செகண்டைக் கேட்டால் அது எங்கே போய் விழும்? சைலன்சர் கழுத்தும் அப்படித்தான், மேல் பாதி என்ஜினோடு ஆடுகிறது, கீழ்ப் பாதி பாடியில் கட்டியிருக்கிறது.

சும்மா ஒரு துண்டு ரப்பர் என்று நினைத்தால், இதற்குப் பெரிய வரலாறு இருக்கிறது. ஆரம்ப காலத்தில் என்ஜினை நேராக சேஸிஸில் இரும்போடு இரும்பாக முடுக்கிவிடுவார்கள். நாலு சிலிண்டர் என்ஜினுக்குப் பிறவியிலேயே ஒரு நடுக்கம் உண்டு, கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் அது இரண்டு தடவை நடுங்கும், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் போகாது. கிரைஸ்லர் கம்பெனி 1931-ல் பிளிமத் காரில் என்ஜினை ரப்பரில் மிதக்கவிட்டு ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தது. பிரான்சில் சித்ரோயன் அந்த உரிமையை வாங்கி, 1932-ல் தன் சின்னத்தில் நீந்துகிற அன்னத்தையே வரைந்துகொண்டது. தண்ணீருக்கு மேலே அன்னம் அசையாமல் போகும், காலடியில் உதைத்துக்கொண்டே இருக்கும், நல்ல உவமைதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, பெரும்பாலும் 1965 முதல் 1969 வரையிலான செவ்ரோலே. காரணம் இதே மவுண்டிங். ரப்பர் விட்டுப்போனால் என்ஜின் எகிறி ஆக்சிலரேட்டரை இழுத்துத் திறந்துவிடும், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரின் வாக்கம் குழாயையும் பிடுங்கிவிடும். முடுக்கமும் கூடும், பிரேக்கும் கனக்கும், இரண்டும் ஒரே நொடியில். அதற்கு அவர்கள் செய்த வைத்தியம் புது மவுண்டிங்கூட இல்லை, என்ஜின் எகிறாமல் பிடித்துக்கொள்ள ஒரு இரும்பு வடம். இதைப் படித்த அன்று ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் என் வண்டியின் ரேடியேட்டரைப் பின்பக்கமாகப் பார்த்தேன். கீழ்ப் பகுதியில் பிறை நிலா மாதிரி ஒரு கீறல், பளபளவென்று புதிதாக. ஃபேன் உரசியிருக்கிறது. எப்போதோ ஒரு சடன் பிரேக்கில் என்ஜின் முன்னால் நகர்ந்து ரேடியேட்டரைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் நடுரோட்டில் தண்ணீர் முழுக்கக் கொட்டியிருக்கும். அதோடு ‘பழைய வண்டிதானே’ என்கிற பேச்சை விட்டேன்.

மவுண்டிங் வாங்குவது மாட்டுவதைவிடப் பெரிய வேலை. சென்னை போனபோது ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அரை நாள் அலைந்தேன். கடைக்காரர்கள் இதை ‘என்ஜின் ஃபவுண்டேஷன்’ என்றும் சொல்வார்கள், அப்படிக் கேட்டால் சீக்கிரம் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒரு கடையில் பழைய ஸ்டாக், கம்பெனி பேக்கிங்கோடு, தொண்ணூறுகளில் வந்ததாம், விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆசையாகத்தான் இருந்தது. கையில் வாங்கி ஓரத்தை லேசாக வளைத்துப் பார்த்தேன், பொடிப் பொடியாக வெடிப்பு விரிந்தது. இரும்பு பார்ட் என்றால் பழைய ஸ்டாக் தங்கம், ரப்பர் பார்ட் என்றால் அது பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே கிழடாகிவிடும். அடுத்த கடையில் புது டூப்ளிகேட், டயர் மாதிரி கல்லுக் கல்லாக இருந்தது, நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. அதைப் போட்டால் என்ஜின் எகிறாது, ஆனால் நடுக்கம் அப்படியே பாடிக்கு ஏறிவிடும், முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். மூன்றாவது கடையில் கிடைத்தது சுமாராக அமுங்கியது, ரப்பர் தகட்டோடு ஒட்டியிருக்கும் ஓரத்தில் எங்கும் இடைவெளி இல்லை. ஜோடியாக வாங்கினேன், கியர்பாக்ஸுக்கு அடியில் வரும் பின் ரப்பரையும் சேர்த்து. போனது இடது பக்கம்தானே, ஒன்று போதாதா என்று கேட்டால் போதாது. வலது பக்கம் இத்தனை வருடம் நசுங்கி உயரம் குறைந்திருக்கும், ஒன்றை மட்டும் மாற்றினால் என்ஜின் ஒரு தோளை உயர்த்தின மாதிரி கோணலாக உட்காரும். ரப்பரைவிட இறுக்கமான பாலியூரித்தேன் போடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி, நான் வயலூர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற ஆள்.

பாய் ஊருக்குப் போயிருந்தார். ஃபோனில், "நீங்களே செய்யலாம் தம்பி, பெரிய வேலை இல்ல. ஜாக்கி வைக்கிற இடத்தை மட்டும் பாத்துக்கங்க" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு விஷயம்தான் முக்கியம். என்ஜினைத் தூக்க ஜாக்கியை சம்புக்கு, அதாவது என்ஜினின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டிக்கு, நேராக அடியில் வைத்தால் சம்ப் நெளிந்துவிடும், அது வெறும் தகடு, உள்ளே ஆயில் உறிஞ்சுகிற ஸ்ட்ரெய்னர் அடிமட்டத்துக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. ஒரு அகலமான மரப் பலகையை நடுவில் வைத்துத்தான் தூக்க வேண்டும். நான் பழைய கதவுச் சட்டத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டேன்.

முதல் நாள் ராத்திரியே நட்டுகளில் டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டேன். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் அட்டையைச் செருகினேன், தூக்கும்போது ஃபேன் போய் இடித்தால் இவ்வளவு பாடுபட்டதும் வீண். சைலன்சர் கழுத்து கிளாம்ப்பைத் தளர்த்தினேன். ஸ்பேனரில்தான் ஒரு மணி நேரம் போனது. இந்த வண்டியில் இஞ்ச் கணக்கு, என் டப்பாவில் இருந்ததெல்லாம் எம்எம். 9/16 இஞ்ச் என்றால் 14.29 எம்எம், 14 உள்ளே போகாது, 15 போட்டால் நட்டின் மூலையை மழுக்கிவிடும். ஏற்கெனவே யாரோ மழுக்கித்தான் வைத்திருந்தார்கள். பக்கத்துத் தெரு லேத்துக்காரரிடம் ஒரு பழைய ரிங் ஸ்பேனரை இரவல் வாங்கி வந்து தட்டி ஏற்றினேன்.

ஒரு பக்கத்தைக் கழற்றும்போது மறுபக்கத்தை முழுசாகக் கழற்றக் கூடாது, கொஞ்சம் தளர்த்தி மட்டும் வைக்க வேண்டும், இல்லையென்றால் என்ஜின் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஜாக்கியை ஒவ்வொரு மிதியாக ஏற்றினேன். இடது பக்கம் நட்டை எடுத்ததும் மவுண்டிங் இரண்டாகப் பிரிந்து, மேல் தகடு என்ஜினோடும் கீழ்த் தகடும் ரப்பரும் சேஸிஸோடும் நின்றது. ஒட்டியிருந்த இடம் முழுக்கத் துரு. அதாவது நேற்று முந்தாநாள் விட்டதில்லை, பல வருடமாகவே அது வெறுமனே ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, என்ஜினின் கனம்தான் பிடித்து வைத்திருக்கிறது. ரப்பரைக் கையில் எடுத்தால் ஒரு முனை பாகு மாதிரி விரலில் ஒட்டியது, மறுமுனை அப்பளம் மாதிரி ஒடிந்தது. வலது பக்கத்தது முழுசாக வந்தது, ஆனால் புதியதன் பக்கத்தில் வைத்தால் ஆறு எம்எம் குட்டை.

இடையில் ஒன்று கண்ணில் பட்டது. என்ஜினுக்கும் பாடிக்கும் போகிற எர்த் பட்டை, பின்னிய செம்பு, ஒரு முனை கிட்டத்தட்ட அறுந்து நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. என்ஜின் ஆடின ஆட்டத்தில் அறுந்திருக்க வேண்டும். ரப்பர் வழியாகக் கரன்ட் போகாது. இந்தப் பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டரின் கரன்ட் வேறு வழி தேடி சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த இரும்பு வழியாகப் போகும், கேபிள் பழுத்து உறை உருகும். சோக் குமிழ் சுடுகிறதே என்று நான் ஒரு தடவை யோசித்திருக்கிறேன், வெயில் என்று விட்டுவிட்டேன். திருச்சியில் எல்லாவற்றுக்கும் வெயிலைச் சொல்லிவிடலாம். புதுப் பட்டை 120 ரூபாய்.

புதிய மவுண்டிங்குகளை மாட்டி நட்டைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றினேன். பின் ரப்பரை மாற்றியது பெரிய கதை இல்லை, மல்லாந்து படுத்து முகத்தில் மண் கொட்டிக்கொண்டதுதான் கதை. அதுவும் ஆயிலில் ஊறித்தான் இருந்தது. இந்த என்ஜினின் மூல வடிவத்தில் கிராங்க்கின் பின்முனையில் தனி ஆயில் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளுகிற ஒரு மரை வெட்டு மட்டும்தான், சொட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஜாக்கியை முழுக்க இறக்கி, என்ஜினின் கனம் ரப்பரில் இறங்கிய பிறகு, இரண்டு கையாலும் என்ஜினைப் பிடித்து ஒரு உலுக்கு, அப்புறம் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்தி, அதன் பிறகுதான் எல்லா நட்டையும் கடைசி முடுக்கு முடுக்கினேன். தூக்கின நிலையிலேயே முடுக்கிவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே உட்கார்ந்து முதல் நாளிலிருந்தே கிழிய ஆரம்பிக்கும். சைலன்சர் கிளாம்ப்பும் அதற்கப்புறம்தான்.

கார்புரேட்டர் ஐடில் ஸ்க்ரூவைப் பழையபடி இறக்கினேன். மனைவியை உள்ளே உட்காரச் சொல்லி அதே சோதனை, ஃபர்ஸ்ட், ரிவர்ஸ். என்ஜின் லேசாகத் தலையைச் சாய்த்துத் திரும்பியது, டொக் இல்லை. "இதுக்கா ஒரு வருஷம்?" என்றாள். சாயங்காலம் தில்லைநகர் சிக்னலில் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது, கண்ணாடியில் அதன் ரூட் நம்பரை இடவலம் மாறியாவது படிக்க முடிந்தது. செகண்ட் கியர் ஒரு விரலில் விழுகிறது. புதிதாக வந்திருக்கும் ஒரே குறை, இத்தனை நாள் அந்த நடுக்கத்தில் அமுங்கிக் கிடந்த பின்கதவின் கிறீச் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்கிறது.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி பார்த்தேன், இடது பக்கத்தில் கால் சுற்று ஏறியது. அப்போதுதான் டேப்பெட் கவரிலிருந்து மெல்லிசாக ஒரு கோடு இறங்கிப் புது ரப்பரின் ஓரத்தைத் தொட்டிருப்பதைப் பார்த்தேன். துணியால் துடைத்துவிட்டேன். கேஸ்கெட் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன், அதைப் போட மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பாய் வரச் சொல்லியிருக்கிறார்.